ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தாங்குகிற சைக்கிள்: குறைந்த செலவில் வாங்கவும் திருத்தவும்

கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குறையில்லாமல் ஓடுகிற சைக்கிளை அப்படியே ஹட்டனுக்கு ஏற்றிவந்தால் இரண்டே நாளில் அதன் வண்டவாளம் தெரிந்துவிடும். ஏறும்போது மிதிக்க முடியாது, இறங்கும்போது நிறுத்த முடியாது. அதனால் மலையகத்தில் சைக்கிளுக்குப் போடுகிற காசுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பிரேக், அடுத்தது கியர், அதற்குப் பிறகு டயர். பெயின்ட், ஸ்டிக்கர், தடித்த சீட், ஷொக் எல்லாம் மிச்சக் காசு இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பிரேக்கை ஏன் முதலில் வைக்கிறோம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை 500 மீற்றருக்கும் சற்றுக் கீழே. றம்பொடை வழியாக இறங்குகிறவர், அந்த உயரத்தில் 1000 மீற்றரை மட்டும் இறங்கினாலே வெளியாகிற சக்தி இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக, பிடித்துப் பிடித்து இறங்கினால் ஏறக்குறைய முழுவதும் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாக இறங்குகிறது. கட்டைவிரல் அளவு ரப்பர்த் துண்டு இரண்டு ஜோடிதான் அதைத் தாங்க வேண்டும்.

எந்த வகை எடுப்பது

பெரிய 28 அங்குலச் சில்லும் கம்பி பிரேக்கும் உள்ள பழைய பாணிச் சைக்கிள், லுமாலாவோ ஹீரோவோ, பாரம் சுமக்கச் சிறந்தது. சட்டம் லேசில் போகாது. ஆனால் அதன் பிரேக் குரோம் பூசிய இரும்பு ரிம்மின் உள்பக்கத்தைத்தான் பிடிக்கும். குரோம் நனைந்தால் ரப்பர் வழுக்கும். கட்டை தண்ணீரைத் துடைத்து முடிக்கும்வரை, சில்லு ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றும்வரை, பிடியே இருக்காது. இறக்கத்து முடக்கில் அந்த இரண்டு சுற்று மிக நீளம். அலுமினிய ரிம் போட்டுத் தப்பிக்கலாமே என்றால், முன்சில்லுக்கு 32, பின்சில்லுக்கு 40 என்று ஸ்போக் கம்பி எண்ணிக்கை உள்ள இந்த வகைக்கு ஏற்ற அலுமினிய ரிம் தேடிப்பிடிப்பது கஷ்டம். பிரேக்கையும் முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். வயல்வெளி ஊருக்கு நல்ல வண்டி. நமக்குச் சரிவராது.

கப்பலில் வரும் பாவித்த ஜப்பான் சைக்கிள்கள் பலருக்கும் பிடிக்கும். வேலைப்பாடு நன்றாக இருக்கும், கம்பிகள் பெரும்பாலும் துருப்பிடிக்காதவை. பின்சில்லு ஹப்பில் வட்டப் பெட்டி மாதிரி ஒரு பிரேக் இருக்கும். தட்டையான ஊருக்கென்று செய்தது அது. நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடி குறையும், கத்தவும் தொடங்கும். ஆகவே ஜப்பான் சைக்கிள் வாங்கினால் அதன் முன்பிரேக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கும். மூன்று கியர் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கியரே இல்லாததை டவுனுக்குள் மட்டும் ஓட்டலாம்.

மூன்றாவது, 26×1.95 டயரும் 18 அல்லது 21 கியரும் உள்ள மலைச்சைக்கிள் வகை. மலையகத்துக்குக் குறைந்த செலவில் பொருந்துவது இதுதான். இதில் வி-பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் இரண்டு நீண்ட கைகளால் பிடிப்பது) உள்ளதையோ, கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் உள்ளதையோ எடுக்கலாம். டிஸ்க் மழையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மலிவான டிஸ்க்கின் கட்டை சின்னது, சீக்கிரம் தேயும். அதே அளவுக் கட்டை உங்கள் டவுனில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். வி-பிரேக் கட்டை எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

முன்னும் பின்னும் ஷொக் வைத்த மலிவுச் சைக்கிளைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். வேண்டாம். மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடும், சட்டமும் பாரம். சில வருடத்தில் பின் ஷொக்கின் புஷ் ஆடத் தொடங்கினால் அதைத் திருத்துகிற செலவு சைக்கிளின் பெறுமதியைத் தின்னும்.

பாவித்த சைக்கிளைப் பார்க்கும் விதம்

பார்க்கப் போகும்போது கையில் மூன்று சாமான் இருக்கட்டும்: ஒரு சின்னக் காந்தம், நான்கு மீற்றர் நூல், அங்குல அளவுகோல். போவதற்கு முன்பே டவுனில் இரண்டு கடையில் டயர், டியூப், செயின், பிரீவீல் (பின்சில்லின் பல்சக்கரம்), பிரேக் செட் ஆகியவற்றின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேரம் பேச இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

முதலில் சட்டம். ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேருகிற மூட்டின் அடியில் விரலை ஓட்டுங்கள். பெயின்ட் சுருங்கியோ மடிப்பு விழுந்தோ இருந்தால் அந்தச் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. வெடிப்பு இருந்தால் பேச்சே வேண்டாம். அடுத்தது நூல் சோதனை: பின் அச்சு உட்காரும் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பின் அச்சு இடத்துக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்கத்து நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் குற்றமில்லை. அதற்கு மேல் போனால் சட்டம் கோணல். கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கும், செயினும் அடிக்கடி கழலும்.

ரிம்மில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம், நல்லது. ஒட்டினால் இரும்பு, மழையில் என்ன நடக்கும் என்று மேலே சொல்லியாயிற்று. அலுமினிய ரிம்மாக இருந்தால் பிரேக் பிடிக்கும் பக்கத்தில் அளவுகோலின் விளிம்பை நிறுத்திப் பாருங்கள். நடுவில் குழிந்து இடைவெளி தெரிந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. மழையும் மணலும் சேர்ந்து கட்டை வழியாக ரிம்மை அரம் மாதிரி ராவியிருக்கும். இப்படி மெலிந்த ரிம், டயரில் காற்று நிறைய இருக்கும்போது பக்கவாட்டில் பிளக்கும். பிளப்பது பெரும்பாலும் பிரேக் பிடிக்கும்போதுதான்.

பிறகு ஆட்டிப் பாருங்கள். முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினால் ஹேண்டில் குழாயில் டக் டக் என்று அடித்தால் அங்கே பேரிங் குண்டோ அது உட்காரும் கப்போ தேய்ந்திருக்கும், அல்லது இறுக்கம் குறைந்திருக்கும். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், சில்லுகளையும் அப்படியே. இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் குண்டும் கிரீஸும் போட்டுச் சரிசெய்யக்கூடியவை, விலையைக் குறைக்கக் காரணமாகும், அவ்வளவுதான். சீட் தண்டும் ஹேண்டில் தண்டும் அசைகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். துருவேறி இறுகிப்போனதைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. சில சமயம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஓட்டம். ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். சமதரையில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை, பக்கத்தில் உள்ள ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் தாவினால் செயினும் பிரீவீலும் போய்விட்டன. இறங்கும்போது, வேகம் வருவதற்கு முன்பே, முன்பிரேக்கைத் தனியாகவும் பின்பிரேக்கைத் தனியாகவும் பிடித்துப் பாருங்கள். எந்தக் கைப்பிடி எந்தச் சில்லைப் பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஜப்பான் சைக்கிளில் வலதுகை முன்பிரேக். வேறு சிலவற்றில் மாறியிருக்கும். தெரியாமல் அவசரத்தில் அழுத்தினால் ஆள் ஹேண்டிலுக்கு மேலால் போவார்.

தேறாத சாமான்களின் விலையைக் கூட்டுங்கள். அதையும் கேட்கிற விலையையும் சேர்த்தால் அதே வகைப் புதுச் சைக்கிளின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டின்போது அவசரத்துக்கு வாங்கி, அதிகம் ஓட்டாமல் சாத்திவைத்த சைக்கிள் கிடைத்தால் நல்ல பேரம்: டயர் வெடித்திருக்கும், செயின் துருவேறியிருக்கும், ஆனால் ரிம்மும் பல்லும் புதுசாகவே இருக்கும். வாங்கும்போது சட்ட இலக்கத்தை எழுதி, விற்பவரின் கையெழுத்துடன் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலக்கம் பெரும்பாலும் பெடல் அச்சுக் குழாயின் அடியில் அடித்திருக்கும். சுரண்டி அழித்திருந்தால் அது யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கிற சைக்கிள்.

டயர் அளவில் ஒரு பொறி இருக்கிறது. 26×1⅜ என்றும் 26×1.95 என்றும் எழுதியிருந்தால் இரண்டும் 26தானே என்று நினைக்க வேண்டாம். முதலாவது உட்காரும் ரிம் 590 மி.மீ., இரண்டாவது 559 மி.மீ. ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கத்தில் 37-590, 50-559 என்று சின்னதாக ஒரு இலக்கம் இருக்கும். கடையில் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கருவிகள்

15 மி.மீ. ஸ்பானர் ஒன்று, 8 முதல் 14 வரை உள்ளவை, 4, 5, 6 மி.மீ. எலன் கீ, ஸ்போக் கீ, செயின் ஊசி தள்ளும் கருவி, காத்துப் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், கிரீஸ், பழைய பல் துலக்கும் பிரஷ். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று தேவையில்லை, லயத்துக்கு ஒரு செட் இருந்தால் போதும். டயர் கழற்ற ஸ்க்ரூ டிரைவரைப் பாவிக்காதீர்கள், டியூப்பைக் கிழிக்கும். பழைய கரண்டிக் காம்பு இரண்டு அதைவிட நன்றாக வேலை செய்யும்.

பெடல் கழற்றுவதில் புதியவர்கள் எல்லோரும் தவறுவார்கள். இடது பெடலின் மரை தலைகீழானது. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை: ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, அதன் தலையைச் சைக்கிளின் பின்பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும், முன்பக்கம் தள்ளினால் இறுகும்.

பிரேக்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

வி-பிரேக்கைச் சரிசெய்ய அரை மணித்தியாலம் போதும். முதலில் கட்டைகளைக் கழற்றி அவற்றின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள் மின்னினால் அவை ரிம்மிலிருந்து பிய்ந்துவந்த அலுமினியத் துகள்கள். ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, முகத்தை மணற்கடதாசியில் தேயுங்கள். மினுமினுப்புப் போய் மங்கலான கறுப்பு வரவேண்டும். கட்டையில் உள்ள வெட்டுக்கோடு மறைந்துவிட்டால் தேய்த்துப் பயனில்லை, புதுசு போடுங்கள். ரிம்மைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். மண்ணெண்ணெய் ரிம் பக்கமே வரக்கூடாது.

திரும்ப மாட்டும்போது கட்டையின் மேல் விளிம்பு, ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே இருக்கட்டும். டயரில் பட்டால் டயரை அறுக்கும். கீழே போனால் தேயத் தேயக் கம்பிப் பக்கம் நழுவும். கட்டையின் பின்நுனிக்கும் ரிம்முக்கும் நடுவில் மடித்த மட்டை ஒன்றைச் செருகி, முன்நுனி முதலில் தொடும்படி வைத்து 5 மி.மீ. கீயால் இறுக்குங்கள். இந்த ஒரு மி.மீ. சாய்வு இல்லாவிட்டால் பிரேக் கத்தும். பிறகு கேபிளை இழுத்து, இரண்டு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி இருக்கிற மாதிரி முடுக்குங்கள். ஒரு கட்டை மட்டும் உரசிக்கொண்டு நின்றால், உரசுகிற பக்கத்துக் கையின் அடியில் உள்ள சின்ன ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்குங்கள், அந்தப் பக்கம் விலகும். கைப்பிடியை முழுப் பலத்தோடு பத்துத் தடவை அழுத்துங்கள். கேபிள் நீண்டு கொடுக்கும். மறுபடி இழுத்து முடுக்குங்கள். எவ்வளவு அழுத்தினாலும் கைப்பிடிக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் மிஞ்ச வேண்டும்.

கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். அறுவது பெரும்பாலும் கைப்பிடிக்குள் உள்ள குமிழுக்குப் பக்கத்தில்தான், அங்கே எட்டிப் பாருங்கள். பிரேக் கேபிள் 1.5 மி.மீ. தடிப்பு, கியர் கேபிள் 1.2. வெளி உறையிலும் வித்தியாசம் உண்டு: பிரேக் உறைக்குள் ஸ்பிரிங் மாதிரிச் சுற்றிய கம்பி, கியர் உறைக்குள் நீளவாக்கில் அடுக்கிய கம்பி. கடையில் மாற்றித் தந்து, கியர் உறையைப் பிரேக்கில் போட்டால் முழு அழுத்தத்தில் அது பிளந்து போகும்.

பழைய கேலிப்பர் பிரேக்கை (சில்லுக்கு மேல் ஒரே போல்ட்டில் தொங்குவது) கழற்றி வி-பிரேக் போடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். முள்ளுக் குழாயில் வி-பிரேக் மாட்டும் முளைகள் இருக்க வேண்டும். கைப்பிடியும் வி-பிரேக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். பழைய கைப்பிடி இழுக்கிற கேபிள் நீளம் காணாது, கைப்பிடி ஹேண்டிலில் முட்டிவிடும். முளை இல்லாத ஜப்பான் சைக்கிளுக்கு, இரண்டு அச்சில் திரும்பும் நீண்ட கேலிப்பரும் நல்ல கட்டையும் போடுங்கள். வாங்கப் போகும்போது பிரேக் போல்ட் துவாரத்திலிருந்து ரிம்மின் நடுவரை உள்ள தூரத்தை அளந்துகொண்டு போங்கள்.

ஜப்பான் சைக்கிளின் பின்ஹப் பிரேக் கத்துகிறதே என்று அதற்குள் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. சத்தம் நிற்கும், பிரேக்கும் நிற்கும்.

இறங்கும் முறையும் பிரேக்கின் ஆயுளைத் தீர்மானிக்கும். முழு இறக்கத்துக்கும் லேசாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். முடக்குக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, திரும்புங்கள். விடுகிற நேரத்தில் ரிம் ஆறும். மழை நாளில் பிடி வருவதற்கு முன் கட்டை ரிம்மைத் துடைக்க வேண்டும் என்பதால் இன்னும் முன்கூட்டியே தொடங்குங்கள்.

ஏறுவதற்கான பல் கணக்கு

முன்பல்லை பின்பல்லால் வகுத்து, சில்லின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுக்கு எத்தனை மீற்றர் போகும் என்று வரும். கம்பி பிரேக் சைக்கிளில் முன்னுக்கு 44, பின்னுக்கு 18, சுற்றளவு 2.25 மீற்றர்: ஒரு சுற்றுக்கு 5.5 மீற்றர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீற்றர்; 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயர்கிற ஏற்றத்தில் அந்த வேகம் சாதாரண ஆளால் முடியாது. அதனால்தான் எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள். முன்னுக்கு 28, பின்னுக்கு 34, சில்லு 26 அங்குலமானால் ஒரு சுற்றுக்கு 1.7 மீற்றர், மணிக்கு 6 கிலோமீற்றர். உட்கார்ந்தபடியே ஏறலாம்.

ஆகவே மலைச்சைக்கிளில் செய்யத்தக்க முதல் மாற்றம், 14-28 பல் பிரீவீலை எடுத்து 14-34 போடுவது. கியர் எண்ணிக்கை பழையதற்குச் சமமாக இருக்கட்டும், ஆறு என்றால் ஆறு, ஏழு என்றால் ஏழு. இல்லாவிட்டால் கைக் கியர் மாற்றியும் மாற்ற வேண்டிவரும். பின்னால் தொங்கும் கியர் மாற்றி 34 பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். செயினும் பழைய நீளத்தில் காணாது. முன்னும் பின்னும் பெரிய பல்லில் செயினைச் சுற்றிப் பார்த்து, அதற்கு மேல் ஒரு ஜோடி இணைப்பு மிஞ்சும்படி வெட்டுங்கள்.

பிரீவீலைக் கழற்றுவதுதான் இதில் கடினம். மிதிக்க மிதிக்க அது தானாகவே மேலும் இறுகும். ஏற்றத்தில் ஓடிய சைக்கிளில் கல்லாகப் பிடித்திருக்கும். சில்லைக் கழற்றி, அந்த பிரீவீலுக்கு உரிய கழற்றியை அதன் வெட்டுகளில் உட்காரவைத்து, அச்சின் நட்டை அதன் மேல் மெதுவாக முடுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நட்டுப் போடாமல் திருப்பினால் கழற்றி வழுக்கி வெட்டுகளை உடைத்துவிடும். பிறகு பிரீவீலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கழற்றியை இறுக்குக் கருவியில் (வைஸ்) கடிக்கவைத்து, ஸ்டீயரிங் மாதிரிச் சில்லையே இடப்பக்கமாகத் திருப்புங்கள். படக்கென்று ஒரு சத்தத்தோடு விடும். விட்ட உடனே நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மேலும் திருப்ப வேண்டும். வீட்டில் இறுக்குக் கருவி இல்லாவிட்டால் சில்லை மட்டும் கராஜுக்குக் கொண்டுபோங்கள், ஐந்து நிமிட வேலை. புதுசு போடுமுன் மரையில் கிரீஸ் பூச மறக்காதீர்கள். அடுத்த தடவை கழற்றப்போவதும் நீங்கள்தான்.

மூன்று கியர் ஜப்பான் சைக்கிளில் இன்னும் மலிவு. பின் பல்சக்கரம் 14 ஆக இருந்தால் 18 போட்டு, செயினில் ஒரு ஜோடி இணைப்பைச் சேருங்கள். முன்பல் 32 ஆனால் முதல் கியரில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.5 மீற்றராக இருந்தது 2.7 ஆகக் குறையும். கியரே இல்லாததில் 18 பல் பிரீவீலுக்குப் பதில் 22 போடலாம். டவுன் ஏற்றங்களுக்கு உதவும், மலைக்கு ஏறப் போதாது.

மாற்றிய பிறகு, தொங்கும் கியர் மாற்றியில் எச், எல் என்று குறித்த இரண்டு ஸ்க்ரூவைப் பாருங்கள். எல் ஸ்க்ரூ, செயின் பெரிய பல்லைத் தாண்டிக் கம்பிக்குள் விழாமல் தடுப்பது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெரிய பல்லுக்கு ஏற்றி, அதற்கு மேல் கையால் தள்ளினாலும் போகாத மாதிரி அதை முடுக்குங்கள். இதை விட்டுவிட்டு ஏற்றத்தில் மிதித்தால் செயின் கம்பிகளை அறுக்கும். கியர் மாற்றியும் சில்லுக்குள் போகும்.

செயின் தேய்ந்ததா என்று அறிய, ஒரு ஊசியின் நடுவில் அளவுகோலின் பூச்சியத்தை வையுங்கள். 24 ஊசி தள்ளி எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்தில் 1/16 கூடினால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை விட்டுவைத்தால் பிரீவீலின் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் தாவும். மலிவான சாமானைக் காலத்தில் மாற்றாமல் விலை கூடியதைத் தேயவிடுவது இங்கே அதிகம் நடக்கிறது.

பஞ்சர்

ராவோடு ராவாகக் காற்று இறங்கினால் உடனே டியூப்பைக் கழற்றாதீர்கள். ஜப்பான் சைக்கிளிலும் பழைய பாணிச் சைக்கிளிலும் வால்வுக்குள் சின்ன ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு. அது வெடித்திருக்கும், மாற்றினால் வேலை முடிந்தது. எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அப்படியில்லாவிட்டால்:

1. வால்வு இருக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் டயரைக் கழற்றத் தொடங்குங்கள். ஒரு பக்கம் கழன்றால் போதும்.
2. டியூப்பில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும். வெளிப்பக்கம் ஒன்று: ஆணி, கண்ணாடி, முள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு: காற்றுக் குறைவாகக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள். உள்பக்கம்: கம்பி முனை குத்துகிறது, பழைய டியூப்பை நீளமாக வெட்டி ரிம்முக்குப் பட்டி போடுங்கள். வால்வின் அடி கிழிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை.
3. டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு சுற்றுங்கள். குத்தியது உள்ளே இருந்தால் துணியில் மாட்டும். இதைச் செய்யாதவர் அரை மைல் போய்த் திரும்பி வருவார்.
4. ஓட்டையைச் சுற்றி மணற்கடதாசியால் மங்கலாகும்வரை தேய்த்து, சொலூஷனை மெல்லியதாகப் பூசி, விரல் பட்டால் ஒட்டாத அளவு காயவிட்டுப் பிறகு துண்டை வைத்து அழுத்துங்கள்.

நாலாவதில்தான் மலையகத்தில் தவறு நடக்கிறது. பனிமூட்டத்திலும் தூறலிலும் டியூப்பில் ஈரம் படிந்துகொண்டே இருக்கும். ஈரத்தில் சொலூஷன் பிடிக்காது. ரோட்டில் ஒட்டாதீர்கள். ஒரு மாற்று டியூப்பைக் கொண்டுபோய் அதைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒட்டுங்கள். காயவைக்க அடுப்புக்குப் பக்கத்தில் போகவேண்டாம், சொலூஷன் பக்கென்று பற்றும். ரோட்டோரத்தில் சில்லைக் கழற்றும்போது புல்லில் உட்காராமல் தார்ப் பக்கமாக இருங்கள். அட்டைகளுக்கு அவசரமே கிடையாது.

மழை, துரு, எண்ணெய்

ஹட்டன், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருட முடிவில். உங்கள் பக்கத்து மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கேபிள்களை மாற்றி, ஹப்புகளைத் திறந்து கிரீஸ் போட்டுவிடுங்கள். முன்ஹப்பில் ஒரு பக்கத்துக்கு 3/16 அங்குலக் குண்டு பத்து, பின்ஹப்பில் 1/4 அங்குலக் குண்டு ஒன்பது என்பது பொதுவான கணக்கு. எண்ணிவிட்டுத்தான் வெளியே எடுங்கள். பழைய குண்டில் ஒன்று சொரசொரப்பாக இருந்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றுங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் உண்டு. நுவரெலியாவில் காலையில் போத்தலுக்குள் தேங்காய் எண்ணெய் என்ன கோலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். செயினுக்குள்ளும் அதே கோலம்தான். தையல் மெஷின் எண்ணெய் ஒரு மழையில் கழுவிப்போகும். கராஜில் வடித்த கழிவு எண்ணெயில் இரும்புத் துகள் இருக்கும். புதிய மோட்டார் எண்ணெய் சிறிதளவு போதும்: மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுச் செயினைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இணைப்புக்கு ஒரு துளி விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைப் பழைய துணியால் உலர்த்தித் துடையுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருப்பது தேயிலை ரோட்டுச் சேற்றை ஒட்டவைத்து அரைக்கும் மாவாகிவிடும்.

சீட் தண்டு நுழையும் இடத்தில் மழைத் தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கும். அது போய்த் தேங்குகிற இடம் பெடல் அச்சுக் குழாய். வெளியில் பளபளவென்று இருக்கும் சைக்கிளின் சட்டம் உள்ளுக்குள் அங்கேதான் அழுகும். பழைய டியூப்பில் ஒரு துண்டை வெட்டிச் சீட் தண்டின் வாயில் வளையமாக மாட்டுங்கள். பெடல் அச்சுக் குழாயின் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அதை மாதம் ஒரு தடவை கம்பியால் குத்திச் சேற்றை எடுத்துவிடுங்கள். நனைந்து வந்த நாளில் சீட்டோடு தண்டை உருவிவிட்டு, சைக்கிளை இஸ்தோப்பில் தலைகீழாக ஒரு ராத்திரி நிறுத்திவைத்தால் உள்ளே போன தண்ணீர் சீட் குழாய் வழியாகவே வடிந்துவிடும்.